திரும்பி வந்த பட்டு

"மொதல்ல பொடவையத் திருப்பி அனுப்புங்க. அது எங் கைக்கு வந்தப்புறம்தான் பணம்."

பூவிழி இதைச் செல்போனில் குரல் பதிவாகப் பேசி, ஈரோட்டில் இருக்கும் மாலதி என்கிற பெண்ணுக்கு அனுப்பினாள். கேட்கவே கூடாது என்று தோழி காவியா மூன்று முறை சொல்லி வைத்திருந்த ஒன்றை, வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, குரல் நடுங்காமல் கேட்டுவிட்டாள். பிறகு கொடியில் கிடந்த புடவைகளைத் திருப்பிப் போடப் போனாள்.

லைட்ஹவுஸ் குப்பத்துக்கு இரண்டு பக்கமும் தண்ணீர். கிழக்கே கடல், மேற்கே ஏரி; ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பழவேற்காட்டுக்கு ஒரு பாலம். கடல் பக்கம் ஃபைபர் போட்டுகள் கரையேறுகின்றன, வலை கிடக்கிறது, கருவாடு காய்கிறது. அந்தப் பக்கத்துக் காற்று துணியில் படக் கூடாது என்றுதான் அவள் ஏரிப் பக்கம் வந்து இரண்டு சவுக்குக் கம்பு நட்டுக் கொடி கட்டியிருந்தாள். தை மாதத்து வெயிலுக்குச் சூடு இல்லை, வெளிச்சம் மட்டும் இருந்தது. ஏரி எங்கே முடிந்து வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி இரண்டும் ஒரே பால் நிறத்தில் கிடந்தன. அதற்கு நடுவில் ஒரு தோணி, தண்ணீரில் இல்லாமல் எதன் மேலேயோ தொங்குவதுபோல நின்றது.

காற்று வரும்போது புடவைகள் உப்பி நின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒருத்தி வந்து நின்றுவிட்டுப் போவதுபோல இருக்கும். பச்சைப் புடவைக்காரி குட்டை, இடது தோளில் குழந்தை தூக்கியவள். அந்த இடத்தில் மட்டும் நூல் தேய்ந்திருந்தது. ஊதாப் புடவையின் முந்தானை முடிச்சில் ஏதோ ஒரு பஸ் டிக்கெட் மாவாகிக் கிடந்தது. ஈரோட்டுக்குப் போன அரக்குப் பட்டுக்காரிக்கு ரசம் சிந்தாமல் சாப்பிடத் தெரியாது. முகம் தெரியாத அந்தப் பெண்களோடு பூவிழி பகலெல்லாம் இருந்தாள். ஒரு புடவையையும் தன் மேல் வைத்துப் பார்த்ததில்லை. கட்டிப் பார்க்கக் கூடாது என்பதும் காவியா சொன்னதுதான்.

காவியா அண்ணா நகரில் இருப்பவள். சென்னையில் பி.காம் படித்த மூன்று வருஷமும் பூவிழிக்குப் பக்கத்து பெஞ்ச். அம்மா, பெரியம்மா, அடுக்குமாடியில் இருக்கிற ஆன்ட்டிகள் என்று எல்லோர் பீரோவிலிருந்தும் கட்டாத புடவைகள் அவளிடம் வந்து சேரும். அவற்றை விற்க இன்ஸ்டாகிராமில் 'மறுமடிப்பு' என்று ஒரு பக்கம் தொடங்கினாள். அதில் சிரிக்கிற முகம் அவளுடையது, பேசுகிற குரல் அவளுடையது, பணம் போய் விழுகிற கணக்கும் அவளுடையது. மூட்டை மட்டும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பஸ் ஏறிப் பொன்னேரிக்கு வரும். அதைச் சுமந்து வந்து, கறை எடுத்து, கிழிசல் தைத்து, பருத்தியென்றால் கேன் தண்ணீர் வாங்கித் துவைத்து, பட்டென்றால் நிழலில் காற்றாட விட்டு, மடித்து, மடிப்புக்குள் ஒரு கொத்து வெட்டிவேர் வைத்து, மறுபடி பொன்னேரிக்குக் கொண்டுபோய்க் கூரியரில் போடுவது பூவிழி. விற்றதில் பாதி அவளுக்கு. யாராவது ரீஃபண்ட் கேட்டால், கொடுத்ததிலும் பாதி அவளுடையது.

புடவையைத் திருப்பிக் கேட்காதே என்றாள் காவியா. கேட்டால் கூரியர் செலவு யாருடையது என்று சண்டை வரும். சண்டை வந்தால் எல்லோரும் பார்க்கிற இடத்தில் வந்து அசிங்கமாக எழுதுவார்கள். பணத்தைக் கொடுத்து வாயை மூடு, புடவை அவர்களிடமே இருந்துவிட்டுப் போகட்டும். காவியாவுக்குப் புடவை சும்மா வருகிறது. வேலை யாருக்கும் சும்மா வருவதில்லை என்று பூவிழி பதிலுக்குச் சொல்லவில்லை. சொல்லாததையெல்லாம் சேர்த்து வைக்கிற பழக்கம் அவளுக்கு.

கார்த்திகையிலிருந்து, இந்த மாலதியோடு சேர்த்து, ஐந்து ரீஃபண்ட். ஐந்து பேரும் சொன்ன காரணம் ஒன்றுதான் என்றாள் காவியா: வாசனை. மீன் என்ற சொல்லை அவள் வாயால் சொல்லவில்லை. ஐந்துமே பட்டுப்புடவை. பருத்தி வாங்கியவள் ஒருத்தியும் குறை சொல்லவில்லை. இரண்டும் ஒரே கொடியில் காய்ந்தவை, ஒரே டிரங்குப் பெட்டியில் கிடந்தவை. பட்டு மட்டும் எப்படி நாறும்?

பூவிழிக்கு விடை தெரிந்திருந்தது. அதை அம்மா கோவிந்தம்மாவிடம் சொன்னாள். கோவிந்தம்மா அப்போது நெத்திலி அலசிக்கொண்டிருந்தாள். பொன்னேரி மார்க்கெட்டில் கருவாடு விற்பவள். வெள்ளாட்டுக் குட்டி மாதிரி எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டே வேலை செய்வாள்.

"பட்டு வாங்குறவளுங்க எல்லாம் துட்டுக்காரிங்கம்மா. ஒரு கல்யாணத்துக்கு கட்டிக்கினு போயி போட்டோ புடிச்சிக்க வேண்டியது. அப்பால கூரியர் சீட்டப் பாத்தா பழவேற்காடுனு போட்டுக்குது. செம்படவச்சி வூட்டுப் பொடவடி, நாறுதுனு சொன்னா யாரு இல்லன்னுவா? பொடவையும் மிச்சம், பணமும் மிச்சம்."

"பெரிய வூட்டுக்காரிங்க அப்பிடியா செய்வாளுங்கோ?"

"அவளுங்கதான் செய்வாளுங்கோ."

கோவிந்தம்மா நெத்திலியை வடியவிட்டுக் கொஞ்ச நேரம் மென்றாள். பிறகு, பேச்சு எங்கே போய் நிற்கும் என்று பூவிழிக்குத் தெரிந்த இடத்துக்கே வந்து நின்றாள். எளாவூர் தாண்டி இறால் பதப்படுத்துகிற கம்பெனி இருக்கிறது. காலை ஆறு மணிக்குப் பாலத்தடியில் பஸ் வந்து நிற்கும். குப்பத்துப் பெண்கள் பதினாலு பேர் போகிறார்கள். ஐஸ் தண்ணீரில் கை வைத்து எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். மாசம் பிறந்தால் சம்பளம். யாரும் வந்து திருப்பிக் கொடு என்று கேட்க மாட்டார்கள்.

"இந்தத் தபா பணத்தத் திருப்பிக் குடுத்தினா திங்கக்கெழம பஸ்ல ஏறிடணும். சரியா?"

"குடுத்தாதான. குடுக்கப் போறதில்ல."

"சரியானு கேட்டேன்."

"சரி."

அப்படித்தான் அந்த வியாழக்கிழமை அவள் அந்தக் குரல் பதிவை அனுப்பினாள். காவியா வழியாகப் போகவில்லை. கூரியர் சீட்டின் நகலில் மாலதியின் எண் இருந்தது. கட்டிப் போய்விட்டு வந்த புடவையில் வேர்வைக் கறையும் சந்தனப் பொட்டும் இல்லாமலா இருக்கும்? புடவை வரட்டும். படம் எடுத்து, எல்லோரும் பார்க்கிற இடத்தில் போடுவாள். அஞ்சு பட்டுக்காரிகளுக்கும் சேர்த்து ஒரு பதில்.

மாலதி மறுவார்த்தை பேசவில்லை. 'சரி கண்ணு' என்று இரண்டே சொல் எழுதியிருந்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பொன்னேரியிலிருந்து ஜெபசெல்வி கூப்பிட்டாள். கூரியர் கடையில் உட்கார்ந்திருக்கும் பெண். குப்பம் வரைக்கும் அவர்கள் பார்சல் கொண்டு வருவதில்லை. போய்த்தான் வாங்க வேண்டும்.

"யக்கா, உம் பொடவ ஊரெல்லாம் சுத்திட்டு உங்கிட்டயே வந்துக்கீது. மாமியார் வூடு புடிக்கலியாம்."

பூவிழி சிரிக்கவில்லை. பார்சலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அறுத்த வயல்கள் பின்னால் போயின. பழவேற்காடு நெருங்க நெருங்க நிலம் தாழ்ந்து, மண் வெளுத்து, எங்கிருந்தோ தண்ணீர் பளபளத்தது. தூரத்தில் பூநாரைகள் யாரோ ஏரியின் மேல் கிழித்துப் போட்ட ரோஸ் நிற நாடா மாதிரி நின்றன. அவளுக்குத் தூக்கம் வந்தது. தூக்கத்தில் அந்தப் புடவை இருட்டான ஒரு வண்டிக்குள், வேறு வேறு ஊருக்குப் போகும் பொட்டலங்களுக்கு நடுவே, மூன்று நாள் கண்ணை மூடிக்கொண்டு வந்ததுபோலத் தெரிந்தது. விழித்தபோது பஸ் நின்றிருந்தது. பார்சலை மூக்கருகே கொண்டுபோனாள். அட்டை வாசனைதான் அடித்தது.

பாலத்தைக் கடந்து நடந்தாள். வீட்டுக்குப் போகாமல் நேராக ஏரிப் பக்கம் கொடியடிக்குப் போய், போனை எடுத்துப் படம் பிடிக்கத் தயாராக வைத்துவிட்டு, பிளேடால் கவரைக் கிழித்தாள்.

மாம்பழ நிறத்தில் கரை போட்ட அரக்குப் பட்டு. முந்தானைக்குப் பக்கத்தில் ரசக்கறை எடுத்த இடம், கரையில் அவள் தைத்த ஏழு தையல். வேர்வை இல்லை. சந்தனம் இல்லை. அவள் மடித்த மடிப்பு அப்படியே இருந்தது; ஒரே ஒரு மடிப்பைப் பிரித்து மறுபடி மூடியதுபோல ஒரு கோடு. வெட்டிவேர்க் கொத்து வைத்த இடத்திலேயே இருந்தது. புடவையில் வேறொரு வீடு லேசாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. திருநீறு, எண்ணெய், நூல் சிப்பத்தின் தூசி.

அதை ஒரு முறைகூட யாரும் கட்டவில்லை.

கவருக்குள் இன்னொரு சின்னப் பை இருந்தது. அதற்குள் ஒரு பிளாஸ்டிக் பொட்டலம், அப்பளம் மாதிரி தட்டையாக. உள்ளே சென்னாக்குன்னி, அரிசி நீளம்கூட இல்லாத காய்ந்த இறால் குஞ்சு, ஒரு பிடி. பொட்டலத்தின் வாயை முறுக்கி நீல நைலான் வலை நூலால் கட்டியிருந்தது. இழுத்தால் இறுகி, நுனியைத் தட்டினால் அவிழ்கிற முடிச்சு. குப்பத்தில் அந்த முடிச்சைப் போடாத கை இல்லை. ஆனால் நுனியில் இரண்டு சுற்று அதிகம் சுற்றுகிற கை ஒன்றுதான் உண்டு. பூவிழியின் அம்மா கை.

பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த ஒரு தாளும் இருந்தது.

'அன்புத் தங்கைக்கு. சேலை அனுப்பியுள்ளேன். கட்டவில்லை. மடிப்புக்குள் இந்தப் பொட்டலம் இருந்தது. நாங்கள் சைவம். அதனால் எங்களுக்கு ஆகாது. யாரோ ஆசையாக முடிச்சுப் போட்டு வைத்ததுபோல் இருந்தது. குப்பையில் போட மனசு வரவில்லை. இதையும் அனுப்பியுள்ளேன். மாலதி.'

பூவிழி போனை அணைத்தாள். மணலில் உட்கார்ந்தாள். ஏரியில் அந்தத் தோணி போன வாரம் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல இருந்தது. பிறகு ஐந்து பட்டும் ஐந்து பொட்டலமும் ஒவ்வொன்றாக அவள் கண் முன்னால் வந்து, ஐந்து ஊர்களில், ஐந்து பெண்கள் மடியில் விரிந்தன.

மாலதியைக் கூப்பிட்டாள். மறுமுனையில் முதலில் இரைச்சல்தான் கேட்டது. தடதடவென்று இடைவிடாத இரும்புச் சத்தம். அதற்கு நடுவிலிருந்து ஒரு குரல், வெளியே வருகிறேன் என்றது. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது.

"சொல்லு கண்ணு. சேலை வந்துருச்சா?"

"வந்துச்சுங்க. அந்தப் பொட்டலம்... தப்பு எங்க மேலதாங்க."

"அட, அத வுடு. நாந்தான் அன்னிக்கே போட்டோ புடிச்சு அந்தப் புள்ளைக்கு அனுப்புனனே. பாக்கலியா நீ?"

"எந்தப் புள்ள?"

"அதான், வீடியோவுல சிரிச்சுட்டே பேசுமே, அந்தப் புள்ள. பணம் ரெண்டு நாள்ல போட்டர்றேன்னு சொல்லுச்சு. அதுக்குள்ள நீ சேலைய அனுப்புன்னு சொல்லிட்ட."

மாலதி கோபமாகப் பேசவில்லை. அதுதான் பூவிழிக்குக் கஷ்டமாக இருந்தது. அவள் கேட்காமலே மாலதி மிச்சத்தையும் சொன்னாள். துண்டு நெய்கிற தறிப்பட்டறையில் நூல் தார் சுற்றுகிறாள். தங்கச்சி மகளுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். புதுப்பட்டு எடுக்க வசதியில்லாமல்தான் பழசு வாங்கினாள். வெள்ளிக்கிழமைக்குள் பணம் திரும்பி வந்திருந்தால் வேறு ஒன்று பார்த்திருப்பாள். வரவில்லை. கூரியருக்கும் கைக்காசு போட்டாள்.

"அப்ப கல்யாணத்துக்கு?"

"இருந்த சாதா பூனம் சேலையக் கட்டிட்டுப் போனேன். பட்டுக் கட்டலைன்னு பந்தியில சோறு போடாமயா வுட்டாங்க?" என்று மாலதி சிரித்தாள். "போட்டோவுலதான் கொஞ்சம் ஓரமா நின்னுக்கிட்டேன்."

அந்த ஓரத்தைப் பூவிழி பார்த்தாள். மாலை போட்டவர்கள் நடுவே, சொந்தமெல்லாம் பட்டில் பளபளக்க, கடைசியில் தோள் பாதி மறைந்து நிற்கிற ஒருத்தி. பெரிய வீட்டுக்காரிக்குப் பழைய பட்டு எதற்கு? அவள் புதுசு எடுப்பாள். பழம்பட்டு வாங்குகிறவள் வேறு. பி.காம் படித்தவளுக்கு இது ஏன் ஐந்து மாலதிகள் கழித்துத் தெரிய வேண்டும் என்று அவளுக்கு அவள் மேலேயே ஆத்திரம் வந்தது.

புடவையின் விலை மூவாயிரத்து இருநூறு ரூபாயையும் கூரியர் காசையும் அந்த இடத்திலேயே உட்கார்ந்து தன் கணக்கிலிருந்து மாலதிக்கு அனுப்பினாள். காவியாவின் பாதியைக் கேட்கவில்லை. அனுப்பி முடித்ததும் அம்மாவிடம் சொன்ன 'சரி' நினைவுக்கு வந்தது. திங்கட்கிழமைக்கு இன்னும் ஆறு நாள்.

அதற்கப்புறம் காவியாவைக் கூப்பிட்டாள்.

காவியா முதலில், மாலதியிடம் நேரடியாகப் பேசியது தப்பு என்றாள். பக்கத்தின் பேர் என்ன ஆகும் என்றாள். பூவிழி அவளைப் பேசவிட்டு, முடித்ததும் கேட்டாள்.

"போட்டோ வந்துச்சா உனக்கு?"

"வந்துது."

"மொத ரீஃபண்ட்லியே வந்துச்சா?"

"பூவிழி, நான் உனக்காகத்தான்டி சொல்லல. உங்க வீட்ல அப்படித்தான் எல்லாத்துலயும் இருக்கும்போல, தெரியாம உள்ள போயிடுச்சுன்னு நெனச்சேன். அதைச் சொன்னா நீ ஹர்ட் ஆவ. உன்ன ஹர்ட் பண்ண எனக்கு மனசு வரல."

"அவங்ககிட்ட இன்னா சொன்ன?"

"யார்கிட்ட?"

"அஞ்சு பேருகிட்ட."

"சாரி கேட்டேன். பேக்கிங் பண்ற பொண்ணு அந்த மாதிரி எடத்துலேர்ந்து வர்றாங்க, கொஞ்சம் பொறுத்துக்கோங்கன்னு. வேற என்ன சொல்ல முடியும்? எல்லாரும் திட்டலடி. பட்டு வாங்குன வேற ரெண்டு பேர் அந்தப் பொட்டலம் ரொம்ப நல்லா இருந்துது, விலைக்குக் கிடைக்குமான்னுகூட கேட்டாங்க. நான் சிரிச்சுட்டு விட்டுட்டேன்."

பேக்கிங் பண்ற பொண்ணு. மூன்று வருஷம் பக்கத்து பெஞ்ச். காவியாவுக்கு அக்கவுன்டன்சி வராது. பரீட்சைக்கு முந்தின நாளெல்லாம் பூவிழிதான் சொல்லிக் கொடுத்தாள். அம்மா செய்ததைக் காவியா மறைத்தாள், அதுவும் இரக்கப்பட்டு மறைத்தாள். திட்டியிருந்தால் முதல் பொட்டலத்தோடு முடிந்திருக்கும். மாலதி போட்டோவில் நடுவில் நின்றிருப்பாள்.

பூவிழி போனை வைத்தாள். சொல்லாததை இந்த முறை சேர்த்து வைக்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது தெரிந்துவிட்டிருந்தது. அம்மாவிடம் மட்டும் பேச வேண்டும்.

வெயில் இறங்கும் நேரத்தில் கடல் பக்கம் போனாள். பனி விழுவதற்கு முன்னால் கோவிந்தம்மா காய்ந்த நெத்திலியைக் குவித்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளிப் பூவிழியின் நைனா தாமோதரன் வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். நெத்திலிக் குவியல் வெள்ளிக்காசு மாதிரி மின்னியது. பூவிழி பொட்டலத்தை அதன் மேல் வைத்தாள்.

கோவிந்தம்மா பார்த்தாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

"எத்தினி பொடவைல வெச்ச?"

"பட்டுலதான். எல்லாத்துலயும் வைக்கல."

"ஏன் வெச்ச?"

"இன்னாடி கேள்வி இது? ஒரு கிலோ கருவாடு வாங்குறவளுக்கே ஒரு கை மேல போடுறோம். பட்டு வாங்குறவ பெரிய வூட்டுக்காரி. அவ்ளோ தூரத்துல ஒருத்தி வூட்டுக்கு நம்ம வூட்லேருந்து ஒண்ணு போவுது, வெறுங்கையாவா போவும்? சொன்னா நீ குதிப்ப. அதான் நீ பல்லு வெளக்கப் போற நேரத்துல மடிப்புல சொருவி வெச்சேன்." பொட்டலத்தை எடுத்து முடிச்சைத் தட்டி அவிழ்த்து மோந்து பார்த்தாள். "நல்லாத்தான கீது. இதுல இன்னா நாத்தம்?"

பூவிழியும் வாங்கி மோந்து பார்த்தாள். அவளுக்கும் நாற்றம் தெரியவில்லை. வீடுதான் தெரிந்தது. இரண்டு பேர் மூக்கும் இந்த விஷயத்துக்கு லாயக்கில்லை.

"எனுக்குத் தெரியும்," என்றார் தாமோதரன், வலையிலிருந்து தலை நிமிராமல். "ரெண்டு வாட்டி பாத்தேன். சொன்னா எனுக்கு சோறு கெடைக்காது."

பூவிழி தாளைப் பிரித்து மாலதி எழுதியதைப் படித்தாள். சைவம் என்ற இடத்தில் கோவிந்தம்மா கையை நெத்திலியிலிருந்து எடுத்து, முந்தானையில் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டாள். யாரோ ஆசையாக முடிச்சுப் போட்டு வைத்ததுபோல் என்ற இடத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். கல்யாணத்தையும், பூனம் சேலையையும், போட்டோ ஓரத்தையும் பூவிழி ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"பட்டுனா பெரிய வூடுனு நெனச்சிட்டேன்டி," என்றாள் கடைசியில்.

"நானும் அப்பிடித்தாம்மா நெனச்சேன். நீ கை நெறைய குடுத்த, நான் திருடினு சொன்னேன். ரெண்டும் ஒண்ணுதான்."

"பணம்?"

"குடுத்துட்டேன். முழுசும் நானே குடுத்துட்டேன்."

இரண்டு பேருக்கும் பஸ் நினைவு வந்தது. கோவிந்தம்மா நெத்திலியைக் கோணியில் அள்ளிப் போட்டாள். பாதி அள்ளியபோது, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"நான் வெச்சதுக்கு நீ ஏன் ஐஸ்ல கை வெக்கணும்? பொன்னேரில நாப்பது வூட்ல எனுக்கு வாடிக்க. எவ வூட்ல பழைய பொடவ இல்ல? ஏனம் விக்கிறவன் பொடவ வாங்கிக்கினு சொம்பு குடுக்குறான். நான் கருவாடு குடுக்குறேன்."

"சைவமா, அசைவமானு கேட்டுட்டுக் குடு," என்றார் தாமோதரன்.

கோவிந்தம்மா ஒரு நெத்திலியை எடுத்து அவர் மேல் எறிந்தாள். பூவிழி கோணியின் வாயை விரித்துப் பிடித்தாள்.

அந்த ஐந்து நாளும் அவள் ஏரிப் பக்கமே இருந்தாள். காவியாவிடமிருந்து வந்த புடவைகள் பதினேழு. ஒவ்வொன்றாக இறக்கி, உதறி, மடித்தாள். பச்சைப் புடவைக்காரியும் ஊதாப் புடவைக்காரியும் ஒருவர் பின் ஒருவராகக் காற்றிலிருந்து இறங்கி, மூட்டைக்குள் போய்ப் படுத்தார்கள். அரக்குப் பட்டை மட்டும் கொடியிலேயே விட்டு வைத்தாள். காலையில் பனி விலகி வெயில் வந்ததும் எடுத்து வந்து நிழலில் போட்டு, சாயங்காலம் உள்ளே கொண்டுபோனாள். வெள்ளிக்கிழமை அதை ஒரு பையில் வைத்துப் பொன்னேரிக்குக் கொண்டுபோய் ஜெபசெல்வியின் முன்னால் நீட்டி, மோந்து பார்த்துச் சொல் என்றாள். எங்க மூக்கு செல்லாது, நீ சொல்வதுதான் முடிவு என்றாள். ஜெபசெல்வி கண்ணை மூடி, முகத்தைப் புதைத்து, சர்ச்சில் நிற்கிறவள் மாதிரி வெகுநேரம் இருந்தாள். காற்று வாசனைதான் வருகிறது என்றாள். அப்புறம், இதை யாருக்கு அனுப்பப் போகிறாய் என்று கேட்டாள். யாருக்கும் இல்லை என்றாள் பூவிழி.

திங்கட்கிழமை விடியும்போது பனி ஏரியிலிருந்து ஏறி வந்து வீடுகளின் இடுப்பு வரைக்கும் நின்றது. கூரைகளும் தென்னை உச்சியும் லைட்ஹவுஸும் கீழே எதுவும் இல்லாமல் மிதந்தன. கோவிந்தம்மா விடிவதற்கு முன்பே எழுந்து சோறு வடித்து, நெத்திலி வறுத்து, டிபன் பாக்ஸில் போட்டு வைத்திருந்தாள். எந்தப் பஸ்ஸுக்கு என்று கேட்கவில்லை.

பூவிழி உள்ளேயிருந்து வந்தாள். அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். மாம்பழக் கரை கணுக்காலில் உரசியது. மடிப்பு விசிறி மாதிரி நின்றது. தாமோதரன் வாயில் பிரஷ்ஷோடு அப்படியே நின்றுவிட்டார்.

"அந்தப் பொண்ணு ஏதாவது சொல்லப் போவுதுடி," என்றாள் கோவிந்தம்மா.

"இன்னா சொல்லுவா? பணம் முழுசும் நான் குடுத்துட்டேன். பொடவ என்னுது." குனிந்து, பழைய துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்தாள். "மூட்டையத் தூக்கி வையி. அவ பொடவ அவ வூட்டுக்குப் போட்டும். இனிமே நான் போடுற சீட்டுல எம் பேரு இருக்கும், ஊரு பேரு பெரிசா இருக்கும். புடிக்கலனா திருப்பி அனுப்பட்டும். வாங்கி நானே பாக்குறேன்."

கோவிந்தம்மாவும் தாமோதரனும் சேர்ந்து மூட்டையைத் தூக்கி அவள் தலையில் வைத்தார்கள். மீன் கூடை வைக்கிற மாதிரியே வைத்தார்கள். பூவிழி வாசல் தாண்டினாள். கோவிந்தம்மா உள்ளே ஓடி எதையோ எடுத்துக்கொண்டு பின்னால் வந்தாள். கை முந்தானைக்குள் இருந்தது.

"அவ வூட்டுக்குப் போற. வெறுங்கையாவா போவ?"

பூவிழி நின்றாள். தலையில் சுமை இருந்ததால் திரும்பவில்லை.

"அவ மீன் துன்னுவா. நல்லாவே துன்னுவா. மூட்டைக்கு வெளிய, மேல கட்டு. தெரியணும்."

நீல நூல் இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றி இறுகுவது அவள் தலைக்கு மேலே கேட்டது.

பாலத்தடியில் கம்பெனி பஸ் விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றது. பதினாலு பெண்களும் ஜன்னலில் தலையைச் சாய்த்து அரைத் தூக்கத்தில் இருந்தார்கள். பனிக்குள்ளிருந்து பட்டுக் கட்டி, மூட்டை சுமந்து ஒருத்தி வருவதைப் பார்த்து ஒவ்வொருத்தியாக நிமிர்ந்தார்கள். டிரைவர் ஹார்ன் அடித்தான். ஏறுவதற்குக் கதவைத் திறந்தும் வைத்தான்.

பூவிழி டிபன் பாக்ஸை இடது கைக்கு மாற்றி, வலது கையால் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திறந்த கதவைத் தாண்டிப் பாலத்தில் ஏறினாள்.